போகிற வழியில் ஆப்பிரிக்கா

1999 மார்ச், வெள்ளிக்கிழமை. காலை 5.10.

டெக்சாஸில் ஆலன் நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினோம். அதாவது, ஆப்பிரிக்கா போவதற்கு ஒத்திகை பார்க்கக் கிளம்பினோம். அட்டவணைப்படி ஐந்து மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். பத்து நிமிடத் தாமதத்துக்கு நான்தான் காரணம் என்றார் என் கணவர் செந்தில். நான் தயிர்சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். தாளிக்காத தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு நான் எந்தக் கண்டத்துக்கும் போவதாக இல்லை.

மினிவேனின் பின்சீட்டைக் கழற்றி கராஜில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஆறு பெரிய சூட்கேஸ்களை அடுக்கியிருந்தார். நடுசீட்டில் எங்கள் எட்டு வயது மகள் ரம்யா. அவளுக்கு ஒரு பக்கம் ஐஸ் பெட்டி, மறுபக்கம் தலையணைகள், மடியில் ரைஸ் குக்கர்.

"ஒய் டூ வீ நீட் தி ரைஸ் குக்கர்?" என்றாள்.

"மோட்டல்ல சாதம் யாரு வடிச்சுத் தருவா? பேசாம புடிச்சுக்க" என்றேன்.

இரண்டு நாள் பயணத்துக்கு ஆறு சூட்கேஸ் எதற்கு என்று நீங்களும் கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

கலிபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கும் என் கல்லூரித் தோழி மங்கை, இரண்டு வருடத்துக்கு முன் கென்யா போய்வந்து எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று முன்கால்கள் இரண்டையும் அகல விரித்து, அத்தனை நீளக் கழுத்தையும் இறக்கி, குட்டையில் தண்ணீர் குடிக்கும் படம். அவ்வளவு உயரமான பிராணி ஒரு வாய் தண்ணீருக்கு இத்தனை பாடுபடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். இரண்டு வருடமாகப் பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்தபோதும் சரி, ஆலனுக்குக் குடிவந்த பிறகும் சரி, சேர்த்துவைத்த லீவெல்லாம் இந்தியா போகவே சரியாக இருந்தது. அவர் ஊர் கோபிச்செட்டிபாளையம், என் ஊர் கரூர். ஊருக்குப் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நானாக ஆசைப்பட்டு ஓர் இடத்துக்குப் போனதே கிடையாது. இந்த ஜூலையில் அவருக்கு இருபத்தொரு நாள் லீவு சேர்ந்திருந்தது. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபிலும் அத்தனை நாள் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். வாயைத் திறந்து ஆப்பிரிக்கா கேட்டேன். மங்கை போனது ஒன்பது நாள். எனக்கும் ஒன்பது நாள் வேண்டும் என்றேன்.

"ஒம்போது நாள்ல உன் ஃபிரண்டு எத்தன எடம் பாத்தாங்க?"

"ரெண்டு எடமுங்க."

"ரெண்டா? நல்லா ஏமாத்தியிருக்கானுங்க."

எதையும் தனியாகப் போய்ப் பார்ப்பது என்பது இவர் அகராதியில் இல்லை. எல்லாமே 'போற வழிதானே'. நியூ ஜெர்சியிலிருந்து நயாகரா போனோம், திரும்புகிற வழியில் வாஷிங்டன் பார்த்தோம். மேப்பை விரித்தால் அது வழியே இல்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நியூ ஜெர்சியை விட்டு டெக்சாஸுக்கு வீடு மாறியபோது எட்டு மாநிலம் வழியில் வந்தது. எட்டிலும் இறங்கி, பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். இத்தனைக்கும் பின்னால் இருக்கும் நியாயம் ஒன்றுதான்: இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போனால் எப்படி?

ஆகவே என் ஆப்பிரிக்காவும் வழியில் வந்துவிட்டது. "டல்லஸ், ஆம்ஸ்டர்டாம், நைரோபி, பம்பாய், கோயமுத்தூர். நைரோபி போற வழிதானே சாந்தி. நாலு நாள் எறங்கிப் பாத்துட்டு அப்படியே ஊருக்குப் போயிரலாம்" என்றார். நாலு நாளுக்கு ஓர் அட்டவணையும் போட்டு அச்செடுத்துக் கொடுத்தார். முதல் நாள் நக்குரு, இரண்டாம் நாள் மசாய் மாரா, மூன்றாம் நாள் அம்போசெலி, நான்காம் நாள் நைரோபி. மணி, இடம், பார்க்க வேண்டிய விலங்கு என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு 'போகிற வழியில்' என்றே தலைப்பு. அதில் நைவாஷா ஏரி, பூமத்திய ரேகைப் பலகை, ஒரு தேயிலைத் தோட்டம், தூரத்தில் கிளிமஞ்சாரோ.

மனசு சுருங்கிவிட்டது எனக்கு. ஆனால் பேச்சை வளர்க்கவும் முடியவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு நாள் கூடினால் ஊரில் ஒரு நாள் குறையும். கரூரில் என் அக்கா செல்வி இருக்கிறாள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பா அம்மா போனபிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவள் வீடுதான். விலங்கு பார்ப்பதற்காக உன்னிடம் வரும் நாளைக் குறைத்துக்கொண்டேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அட்டவணைக்கு முதல் அடி ஹூஸ்டனிலிருந்து விழுந்தது. அங்கே டிராவல்ஸ் நடத்தும் ஜெயந்திபாய், நைரோபியில் பிறந்து வளர்ந்த குஜராத்தி. போனில் அட்டவணையைக் கேட்டுவிட்டு, "சார், சஃபாரியில் நாளை எண்ணக்கூடாது, இரவை எண்ண வேண்டும். ஓர் இடத்தில் ஒரே இரவு தங்கினால் ரோட்டைத்தான் பார்ப்பீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். அடுத்து, சாமான் எவ்வளவு என்று கேட்டார். ஆறு சூட்கேஸ், ஒவ்வொன்றும் எழுபது பவுண்டு என்றார் இவர். இந்தியா போகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பெட்டி விமானத்தில் அனுமதி. அதில் ஒரு பவுண்டு காலியாக விட்டாலும் நம்மவர்களுக்குத் தூக்கம் வராது. கிறிஸ்துமஸ் தள்ளுபடியிலேயே சாக்லேட், ஷாம்பூ, பாதாம்பருப்பு, செண்ட் பாட்டில் எல்லாம் வாங்கிக் கட்டிவைத்தாகிவிட்டது. "சிங்கம் பார்க்க வேனின் கூரை திறக்கும் சார். சூட்கேஸ் வைக்க எதுவும் திறக்காது. ஆளுக்கு ஒரு சின்னப் பை, பதினைந்து கிலோ" என்றார் ஜெயந்திபாய்.

இவர் அசரவில்லை. 2000-ஆம் வருடம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் குழம்புமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அந்த வருடம் இவருக்கு ஆபீஸில் வேலை. "டெஸ்ட் பண்ணாம எதையும் முடியாதுன்னு சொல்லக்கூடாது. ஒரு டிரயல் ரன் பாத்துருவோம்" என்றார். டல்லஸுக்குத் தென்மேற்கே க்ளென் ரோஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஆப்பிரிக்க விலங்குகளைத் திறந்தவெளியில் வளர்க்கும் ஒரு தனியார் பண்ணை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். ரம்யாவின் பள்ளி விடுமுறையில் இரண்டே நாளில் நாலு நாள் அட்டவணையைச் சுருக்கி ஓட்டிப் பார்ப்பது, ஆறு சூட்கேஸோடு. இதுதான் முன்கதை.

காலை 7.30. க்ளென் ரோஸ்.

நூற்றைந்து மைல். டல்லஸ் வரை ஃப்ரீவே. பிறகு 67-ஆம் எண் சாலையில் கிளீபர்ன் வழியாக வந்தோம். கிளீபர்னில் பெட்ரோல் கேலன் 95 சென்ட். அதற்கப்பால் ஊர்கள் குறைந்து, மாடு மேயும் புல்வெளிகளும் தாழ்வான குன்றுகளும் வந்தன. சாலையோரம் நீலப்பூக்கள் அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தன. நிறுத்தச் சொன்னேன். அது அட்டவணையில் இல்லை.

பண்ணையின் கதவு எட்டரைக்குத்தான் திறந்தது. அதற்குள் வண்டியிலேயே இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டு முடித்தோம். பெரியவர்களுக்குப் பதினைந்து டாலர், குழந்தைக்குப் பத்து, விலங்குகளுக்குப் போடும் தீனிப் பை ஐந்து. டிக்கெட் கொடுத்த பெண்மணி வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "இங்கேயே குடிவந்துவிடுகிறீர்களா?" என்று கேட்டாள். இவர் அதற்கும் பொறுமையாக, இது நைரோபி வழியாக இந்தியா போகும் சாமான் என்று விளக்கம் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

காலை 8.40 முதல் மாலை வரை.

உள்ளே ஒன்பதரை மைல் பாதை. அதை ஒருமுறை சுற்றினால் நக்குரு. அட்டவணையில் ஒரு மணி பத்து நிமிடம். இவர் ஓட்ட, நான் மடியில் தாளை வைத்துக்கொண்டு டிக் அடிக்க வேண்டும். வரிக்குதிரை, டிக். வளைந்த கொம்பு மான், டிக். நெருப்புக்கோழி ஒன்று ஜன்னலுக்குள் தலையை விட்டு ரம்யாவின் கையிலிருந்த தீனிப் பையையே பிடுங்கிக்கொண்டு போனது, அதற்கும் டிக். ஒட்டகச்சிவிங்கிகள் தூரத்தில் மரங்களுக்கு மேலே நான்கு தலைகளாகத் தெரிந்தன.

"ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க."

"மாராவுல இன்னும் பக்கத்துல பாக்கலாம் சாந்தி. டைம் ஆச்சு."

மாரா என்பது அதே பாதையில் இரண்டாவது சுற்று. அங்கே போவதற்குள் ஒட்டகச்சிவிங்கிகள் குன்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அவற்றுக்கு அட்டவணை கொடுக்க மறந்துவிட்டோம் போலிருக்கிறது. காண்டாமிருகம் ஒன்று வேலிக்கு அப்பால் படுத்திருந்தது. ரம்யா தன் சின்ன கேமராவில் கிளிக் செய்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் சூட்கேஸ்கள் கூரை வரை அடைத்துக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை.

மதியம் 'போகிற வழியில்' கட்டத்துக்காக, ஐந்து மைல் தள்ளி ஆற்றுப்படுகையில் இருக்கும் டைனோசர் காலடித் தடங்களுக்குப் போனோம். பாறையில் பள்ளம் பள்ளமாக, ஒவ்வொன்றும் நம் வீட்டுக் குண்டா அளவு. எத்தனையோ கோடி வருடமாக அங்கேயே இருப்பவை. நாங்கள் கொடுத்தது பதினைந்து நிமிடம்.

அடுத்து பதினேழு மைல் தள்ளி கிரான்பரி என்ற ஊருக்கு ஓடினோம். அங்கே ஒரு மணி நேரத்தில் படம் கழுவித் தரும் கடை ஒன்று இருந்தது. ரிசல்ட் உடனே பார்க்க வேண்டும் என்பது இவர் கட்சி. மாலை ஐந்தரைக்கு மோட்டல் அறையில், அறை வாடகை 49 டாலர், கட்டில்மேல் படங்களைப் பரப்பினோம். மொத்தம் அறுபத்துமூன்று படங்கள். வரிக்குதிரையின் வால். மானின் வால். யாருடையது என்று தெரியாத வால். காண்டாமிருகப் படத்தில் ஐஸ் பெட்டியின் கைப்பிடி. முகத்தோடு விழுந்தது ஒன்றே ஒன்று; அந்த நெருப்புக்கோழி.

"தே ஆர் ஆல் லீவிங்" என்றாள் ரம்யா.

"அதுங்க போகல கண்ணு, நாமதான் போயிட்டே இருந்தோம்" என்றேன். இவர் ரைஸ் குக்கருக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

சனிக்கிழமை. காலை 8.00.

இரண்டாம் நாளுக்கான அட்டவணையில் அம்போசெலி என்று இருந்தது, கதவு திறக்கும் முன்பே கிளம்பும் பண்ணையின் திறந்த லாரியில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது. லாரி ஓட்டியவள் டோனா. ஐம்பது வயதிருக்கும், வெயிலில் சிவந்த கைகள். எங்களைத் தவிர வேறு யாரும் பதிவு செய்திருக்கவில்லை. சூட்கேஸ்களோடு மினிவேனை வாசலில் விட்டுவிட்டு ஏறினோம். கால் நீட்டி உட்கார இடமிருந்தது. அதுவே எனக்குப் பாதி சந்தோஷம்.

ஒரு மைல்கூடப் போகவில்லை. சின்னக் குட்டை ஒன்றின் எதிரே, ஓக் மரத்தடியில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டாள் டோனா. சாவியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இங்கே எத்தனை நிமிடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவை வந்து குடித்து முடிக்கும் வரை" என்றாள் அவள்.

குட்டையில் எதுவும் இல்லை. தண்ணீரும் ஒரு கொக்கும் மட்டும்தான். எட்டு இருபதுக்கு எதிர்ப்பக்கத்து மரங்களுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. ஒட்டகச்சிவிங்கிகள். நிதானமாக வெளியே வந்து, குட்டைக்கு இருபதடி தள்ளி நின்று எங்களைப் பார்த்தன. நாங்களும் பார்த்தோம். பெரியது ஒன்று தண்ணீர் வரை வந்தது. வலது பக்கம் பார்த்தது, இடது பக்கம் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

"அச்சச்சோ" என்றாள் ரம்யா. அமெரிக்காவில் பிறந்த பெண்ணின் வாயில் தானாக வந்த தமிழ்.

மறுபடி வந்தது. மறுபடி போனது. கால்களை விரித்துக் குனிந்துவிட்டால் சட்டென்று எழுந்து ஓட முடியாது, அதனால்தான் இத்தனை யோசனை என்று டோனா தணிந்த குரலில் சொன்னாள். இங்கே துரத்த சிங்கம் இல்லை; இந்தப் பண்ணையிலேயே பிறந்ததுதான் அது, இருந்தாலும் பழக்கம் விடவில்லையாம். மூன்றாவது முறை முன்கால்களைக் கொஞ்சம் அகட்டியது. எங்கோ ஒரு கதவு அறைந்து சாத்தும் சத்தம். விலுக்கென்று நிமிர்ந்துகொண்டது. எட்டே முக்கால் ஆனது, ஒன்பது ஆனது. என் மடியிலிருந்த அட்டவணையைக் காற்று அடித்துக்கொண்டு போய் லாரித் தரையில் போட்டது. அதை எடுக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பக் குடிக்கும் பாரு" என்றார் என் காதில்.

ஒன்பது பத்துக்குக் குடித்தது. முன்கால்கள் ஒவ்வொரு அங்குலமாக விலகின. அந்தக் கழுத்து இறங்கி இறங்கி, கடைசியில் உதடு தண்ணீரைத் தொட்டது. குட்டையில் வட்டம் வட்டமாக அலை பரவி எங்கள் பக்கக் கரை வரை வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு வருடம் பார்த்த அதே நிலை. ஆனால் படத்தில் அந்தத் தயக்கம் இல்லை, போய்ப் போய்த் திரும்பி வந்தது இல்லை. அதையெல்லாம் பார்த்தவர்களுக்குத்தான் கடைசி வாய் தண்ணீரின் அருமை தெரியும்.

பெரியது குடித்து முடித்ததும் மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. டோனா சாவியை எடுத்தபோது, "இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது" என்று அவளைத் தடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஆபீஸில் நிமிடக் கணக்கு பார்க்கும் என் கணவர்தான். அன்றைய இரண்டரை மணி நேரச் சுற்றில் நாங்கள் பார்த்த இடம் அந்தக் குட்டை ஒன்றே. ரம்யா எடுத்த படம் ஒன்று. அதற்கப்புறம் கேமராவையே மறந்துவிட்டாள்.

மதியம் 12.15.

பண்ணை வாசலில் மேஜை போட்ட நிழல். தயிர்சாதமும் மாவடுவும். இவர் சாப்பாட்டைக் கலக்கிக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"நாலு நாள் பத்தாது சாந்தி" என்றார் கடைசியில்.

"அதத்தான நான் மொதல்லயே சொன்னேன்."

"ஒம்போது நாளே வெச்சுக்கலாம். ஊருக்குப் பத்து நாள்."

இதைக் கேட்டு நான் துள்ளியிருக்க வேண்டும். அட்டவணைத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பத்து நாளை எழுதத் தொடங்கினோம். கோபியில் அவர் அண்ணன் வீடு, அண்ணியின் அம்மா வீடு, ஈரோட்டில் பெரிய நாத்தனார், பவானியில் சின்ன நாத்தனார், சத்தியமங்கலத்தில் பெரியப்பா, கோயமுத்தூரில் அவரோடு படித்த மூன்று பேர், கரூரில் அக்கா, சித்தப்பா, அத்தைகள். எழுதி முடித்தால் பத்தொன்பது வீடு. யாரையும் விட முடியாது. ஒரு வீட்டுக்குப் போய் அடுத்த வீட்டுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"கரூர்ல ஒரு நாள் போதும்ல? அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்கறதால எப்பவும் அவ தலையிலதான் வெக்கிறோம்."

சுருக்கென்று வந்துவிட்டது. இவர் பேனாவை வைத்துவிட்டார். நானும் அந்தப் பத்தொன்பது வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 97-இல் போனபோது இதே வீடுகள், பதினாறு நாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காபி, ஒரு குரூப் போட்டோ, சூட்கேஸிலிருந்து ஒரு சாக்லேட் பாக்கெட், "போற வழியில இன்னொரு வீடு இருக்கு, வரோம்". கோபி போகிற வழியில் பவானி. கோயமுத்தூர் போகிற வழியில் நாலு பேர். அந்தப் பயணத்தின் படங்களையும் ஒருமுறை கட்டிலில் பரப்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதிலும் முக்கால்வாசி வாசலில் நின்று கையாட்டும் படங்கள்தான்.

"ஊருக்கும் நாம இப்படித்தாங்க போயிட்டிருக்கோம்" என்றேன்.

இவருக்கு உடனே புரிந்தது. "அப்ப ரெண்டையும் ஒண்ணாப் போட வேண்டாம். இந்த வருசம் ஆப்பிரிக்கா மட்டும். ஒம்போது நாள். மிச்ச லீவ அடுத்த வருசத்துக்குத் தள்ளி, ஊருக்குத் தனியாப் போவோம்" என்றார். மாராவில் நான்கு இரவு, அம்போசெலியில் மூன்று இரவு, மிச்சம் விமானத்தில். நக்குரு வேண்டாம். தேயிலைத் தோட்டம் வேண்டாம். அண்ணனிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். அக்காவிடம் நான் பேச வேண்டும். அதை நினைத்ததும் கடித்த மாவடுவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

திரும்பும்போது கிளீபர்னுக்கு முன்னால், நான் கேட்காமலேயே நீலப்பூக்களுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை. காலை 8.00. ஆலன்.

கரூரில் இரவு ஏழரை. ஊருக்குப் பேச வாங்கிவைத்த காலிங் கார்டின் எண்களை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். அக்கா எடுத்தாள். எப்போதும் போல முதலில் ரம்யா சாப்பிட்டாளா என்று கேட்டாள். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ஆப்பிரிக்கா போக ஆசை, அதனால் இந்த ஜூலையில் ஊருக்கு வரவில்லை.

கார்டில் நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன.

"அக்கா?"

"இருக்கறேன். போன தடவ வந்தப்ப என்ற வீட்டுல எத்தன வேள சாப்ட்ட, சொல்லு பாக்கலாம்."

யோசித்தேன். "ஒரு வேள."

"அதும் வாசல்ல டாக்சி நின்னுச்சு. நான் ரசம் எடுக்க உள்ள போயிட்டு வாரேன், நீ கைய களுவிட்டு நிக்கற. ரசஞ்சட்டிய கையில வெச்சுட்டே உன்னிய வளியனுப்புனேன் கண்ணு."

எனக்கு அது நினைவே இல்லை. டாக்சி நினைவிருந்தது. மணி நினைவிருந்தது. அவள் கையில் சட்டி இருந்தது நினைவில்லை.

"கோவமாக்கா?"

"அப்ப இருந்துச்சு. இப்ப என்ன. போ, போயி நல்லாப் பாத்துட்டு வா. ஆசப்பட்டது இது ஒண்ணுதான நீ. ஆனா அடுத்த வருசம் வந்தீன்னா நாலு நாள் என்ற வீட்டுல இருக்கோணும். எந்திரிச்சு எங்கயும் போகப்படாது. உன்னியப் பாக்கோணுங்கறவங்க இங்க வரட்டும்."

"என்ன சமைப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

"மொத நாளு ரசந்தான்" என்றாள்.

போனை வைத்துவிட்டு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் இவர் ஸ்கேல் வைத்து அடுத்த வருடத்துக்கு ஒரு புது அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள்ளே ஆரம்பித்துவிட்டார். வியாதி ஒரே நாளில் போய்விடுமா?

"அக்கா என்ன சொன்னாங்க?"

"நாலு நாள் வேணுமாம்."

இவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். 'கரூர், நான்கு இரவு' என்று எழுதினார். மணிக்கான கட்டத்தைக் காலியாக விட்டார். பார்க்க வேண்டியவை என்ற கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்தார், 'போகிற வழியில்'. அந்தத் தலைப்பின் மேல் ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு கிழித்தார்.